கலிஃபோர்னியா சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி: ஒன்பதாம் வகுப்பிலிருந்து டிப்ளமோ வரை எதை எப்போது பார்க்க வேண்டும்?

புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களோடு சாப்பாட்டு மேசையில் டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்களும் வாங்கிய கிரேடுகளும் உள்ள பள்ளிப் பதிவு) விரித்து வைத்து உட்காருவது சில வருடங்களாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் பிள்ளைகள் இருவரும் கலிஃபோர்னியாவில் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். மூத்தவள் விஷயத்தில் நான் எங்கெங்கே தடுக்கி விழுந்தேனோ, வருகிறவர்களும் அங்கேயேதான் விழுகிறார்கள். பிள்ளை நன்றாகத்தான் படிக்கும். எந்தத் தாளை முதலில் பார்ப்பது என்று பெற்றோருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. கட்டணம் கிடையாது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். குலுக்கலில் பெயர் வந்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் நான்கு தாள்களைச் சேருங்கள்

ஒன்று, உங்கள் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த வருடத்துக்கான மாணவர் கையேடு. இந்த வருடக் கையேடு போதாது. பட்டம் பெறும் நிபந்தனைகள் பிள்ளை எந்த ‘கிளாஸ்’, அதாவது எந்த வருடம் படிப்பை முடிக்கும் அணி, என்பதைப் பொறுத்து மாறும். ஓர் உதாரணம்: 2030-31 கல்வியாண்டில் பட்டம் பெறுபவர்களிலிருந்து, தனிநபர் நிதி பற்றிய ஒரு செமஸ்டர் பாடம் டிப்ளமோவுக்கு (பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்று) கட்டாயம். இந்தச் சட்டம் சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்தும். 2026இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் அக்காவிடம் மாநிலம் இதைக் கேட்காது, 2027இல் சேரும் தம்பியிடம் கேட்கும். அக்காவின் பழைய அட்டவணையைத் தம்பிக்கு அப்படியே எடுத்து வைத்தால் ஒரு பாடம் குறையும்.

இரண்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (இனி யூசி) உங்கள் பள்ளிக்கென்று ஒப்புதல் அளித்திருக்கும் ஏ-ஜி பாடப் பட்டியல், அதாவது ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகளில் யூசி கேட்கும் பாடங்கள். யூசியின் தளத்தில் பள்ளியின் பெயரைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மூன்று, டிரான்ஸ்கிரிப்டின் அலுவல்சாரா நகல். பள்ளியின் போர்ட்டலிலேயே கிடைக்கும்.

நான்கு, இந்த வருடம் உண்மையில் நடக்கும் வகுப்புகளின் கால அட்டவணை. பாட விவரப் புத்தகத்தில் இருபது விருப்பப் பாடங்கள் போட்டிருப்பார்கள். நானூறு, ஐந்நூறு பேர் படிக்கும் சின்னப் பள்ளியில் அதில் ஆறோ ஏழோதான் அந்த வருடம் நடக்கும். புத்தகத்தை நம்பித் திட்டம் போட்டால் ஆகஸ்டில் எல்லாம் கலைந்துவிடும்.

இந்த நான்கும் கையில் இல்லாமல் கவுன்சிலரை (பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டுபவர்) பார்க்கப் போகாதீர்கள். அவருக்கு ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது இருபது நிமிடம். தாள் தேடுவதிலேயே அது போய்விடும்.

2. இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக எழுதுங்கள்

சறுக்கல் அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டிப்ளமோ கொடுப்பது பள்ளி. யூசியிலும் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களிலும் (இனி கால் ஸ்டேட்) விண்ணப்பிக்கத் தகுதி தருவது ஏ-ஜி பாடங்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போனாலும் ஒன்றல்ல.

பள்ளியின் கணக்கு பெரும்பாலும் கிரெடிட்டில் இருக்கும். ஒரு செமஸ்டர் பாடத்துக்கு 5, முழு ஆண்டுக்கு 10 என்பது வழக்கம். மொத்தம் 220 கேட்கும் பள்ளிகள் நிறைய. சில பள்ளிகள் வருடக் கணக்கில் எண்ணும். மாவட்டப் பள்ளிகளுக்கு மாநிலச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சம் இது: ஆங்கிலம் 3 ஆண்டு, கணிதம் 2, அறிவியல் 2, சமூக அறிவியல் 3, உடற்கல்வி 2, அப்புறம் கலை, பிறமொழி, தொழிற்கல்வி இவற்றில் ஏதாவது ஒன்றில் 1. சார்ட்டர் பள்ளி தன் நிபந்தனைகளைத் தன் சாசன ஆவணத்தில் எழுதி வைத்திருக்கும். பல பள்ளிகள் இதைவிட அதிகமாகவே கேட்கின்றன.

யூசியின் கணக்கு 15 ஆண்டுப் பாடங்கள்:

ஏ – வரலாறு, 2 ஆண்டு (உலக வரலாறு ஒன்று, அமெரிக்க வரலாறு ஒன்று, இரண்டாவதில் பாதி குடிமையியலாக இருக்கலாம்)
பி – ஆங்கிலம், 4 ஆண்டு
சி – கணிதம், 3 ஆண்டு, வடிவியல் உட்பட (4 நல்லது)
டி – அறிவியல், 2 ஆண்டு (3 நல்லது)
ஈ – ஆங்கிலம் அல்லாத மொழி, 2 ஆண்டு (3 நல்லது)
எஃப் – கலை, 1 ஆண்டு
ஜி – கல்லூரி நோக்கிய விருப்பப் பாடம், 1 ஆண்டு

இந்த 15இல் 11, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் சி கிரேடுக்குக் குறையக் கூடாது. (டி பிரிவு என்றால் அறிவியல், டி கிரேடு என்றால் தலைவலி. பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

‘எங்கள் பள்ளியில் ஏ-ஜிதான் டிப்ளமோவுக்கே நிபந்தனை, அதனால் ஒரே கணக்குதான்’ என்பார்கள். பல சார்ட்டர் பள்ளிகளில் அது உண்மைதான். ஆனால் டி கிரேடு வாங்கிய பாடத்துக்குப் பள்ளி கிரெடிட் கொடுத்துவிட்டால் டிப்ளமோ கணக்கு நிறைந்துவிடும், யூசி கணக்கில் ஓட்டை விழும். ஆகவே கவுன்சிலரிடம் இதை நேராகக் கேளுங்கள்: ‘டி வாங்கினால் உங்கள் பள்ளியில் கிரெடிட் உண்டா?’ சில பள்ளிகள் டி என்ற கிரேடையே வைத்துக்கொள்வதில்லை. சி-க்குக் கீழே போனால் கிரெடிட் இல்லை, மறுபடி படி. கேட்கக் கடுமையாக இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் பிள்ளைக்கு நல்லது. ஓட்டை அன்றைக்கே கண்ணில் படும்.

3. பள்ளி எப்படிக் கற்பிக்கிறது, எப்படி மதிப்பிடுகிறது என்று பாருங்கள்

சார்ட்டர் பள்ளிகளில் பாட முறை பள்ளிக்குப் பள்ளி மாறும். சான் டியேகோவின் ஹை டெக் ஹையில் எல்லாம் புராஜெக்ட் வழி; செய்ததைப் பொதுமக்கள் முன் காட்சிக்கு வைக்க வேண்டும், கற்றதை ஆசிரியர்கள் முன் பேசிக் காட்டவும் வேண்டும். வளைகுடாப் பகுதியின் என்விஷன் பள்ளிகளில் மாணவர் தன் வேலைகளைத் தொகுத்து ஒரு குழுவின் முன் வாதிட்டு நிலைநாட்ட வேண்டும். வேறு சில பள்ளிகள் நம் ஊர்ப் பாணியில் பாடப் புத்தகமும் தேர்வுமாகப் போகும்.

எந்த முறை உசத்தி என்ற விவாதத்தை விடுங்கள். உங்களுக்கு வேண்டியது, அந்த முறை டிரான்ஸ்கிரிப்டில் எப்படி எழுத்தாக மாறுகிறது என்பது. பல பள்ளிகள் 1 முதல் 4 வரை மதிப்பிடுகின்றன. 2.5 என்றால் சி-யா, டி-யா? அந்த மாற்று அட்டவணையை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

என் மகளின் போர்ட்டலில் அக்டோபர் மாதம் ஒரு நாள் உயிரியலில் எஃப் என்று சிவப்பில் இருந்தது. பதறிப் போனேன். விசாரித்தால், ஒரே ஒரு புராஜெக்டை ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்கும்வரை எஃப் என்றுதான் காட்டுமாம். வியாழக்கிழமை கொடுத்தாள், வெள்ளிக்கிழமை பி ஆகிவிட்டது. அடுத்த முறை அதே சிவப்பு எஃப் வந்தபோது ‘இது சும்மா’ என்று விட்டேன். அது டிசம்பர். செமஸ்டர் பூட்டும் நாள் தாண்டிவிட்டது, சி மைனஸ் ஆக நின்றது. அந்தப் பள்ளியில் சி மைனஸும் சி ஆகவே கணக்கானதால் தப்பித்தோம். பூட்டும் தேதி இரண்டையும், டிசம்பரில் ஒன்று, வசந்த செமஸ்டர் முடிவில் ஒன்று, காலண்டரில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

4. பாடத்தின் பெயரை யூசி பட்டியலில் வரி வரியாகத் தேடுங்கள்

மகனோ மகளோ கொண்டு வரும் கால அட்டவணையில் ‘ஹியூமானிட்டிஸ் 10’ என்று இரண்டு மணி நேர வகுப்பு இருக்கும். ஆங்கிலமும் உலக வரலாறும் கலந்தது. யூசி கணக்கில் அது ஏ-யா, பி-யா? ஒரு பள்ளி அதை டிரான்ஸ்கிரிப்டில் இரண்டு வரியாகப் பிரித்து, ஒன்றை ஆங்கிலமாகவும் மற்றதை வரலாறாகவும் பதியும். அப்படியானால் கவலையில்லை. ஒரே வரியாக வந்தால், யூசி பட்டியலில் அந்தப் பெயர் எந்தப் பிரிவில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு வரியை ஒரு பிரிவில்தான் எண்ண முடியும்.

பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஒப்புதல் பெற்ற வருடத்தையும் பாருங்கள். இந்த வருடம் புதிதாகத் தொடங்கிய டிசைன் வகுப்பு அடுத்த வருடம்தான் பட்டியலில் ஏறலாம். பெயர் எவ்வளவு கனமாக இருந்தாலும் பட்டியலில் இல்லாத பாடம் யூசிக்கு இல்லாத பாடம்தான்.

ஹானர்ஸ் (கடினமான, மேல்நிலைப்) பாடங்களிலும் இதே கதை. பள்ளி ‘ஹானர்ஸ்’ என்று பெயர் வைத்தால் மட்டும் யூசி ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) கூடுதல் புள்ளி தராது; பட்டியலில் ஹானர்ஸ் என்ற குறி இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் புள்ளிக்கும் உச்சவரம்பு 8 செமஸ்டர், அதில் பத்தாம் வகுப்பிலிருந்து 4 வரைதான். ஏபி பாடங்களும் (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) இந்த வரம்புக்குள்தான் வரும். பதினான்கு ஏபி எடுத்த பிள்ளைகளின் கதையைக் கேட்டு மலைக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கலையில் ஒரு சின்ன எச்சரிக்கை: ஒரே கலையில் முழு ஆண்டு எடுப்பது பாதுகாப்பு. அரையாண்டு ஓவியம், அரையாண்டு நாடகம் என்று பிரித்தவர்கள் பிறகு அலைந்திருக்கிறார்கள்.

5. நான்கு வருடத்தைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

ஒரு தாளில் எட்டுக் கட்டங்கள் போடுங்கள், ஒரு செமஸ்டருக்கு ஒன்று. எல்லோரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் பன்னிரண்டிலிருந்து தொடங்குங்கள். கடைசி வருடம் எந்தக் கணிதத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தால்தான் ஒன்பதில் எங்கே தொடங்குவது என்று தெரியும். கணிதம் ஏணி மாதிரி, படி தாண்ட முடியாது. மொழியும் அப்படித்தான். மற்ற பாடங்களை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

பள்ளி இன்டக்ரேடட் கணிதம் 1, 2, 3 சொல்லித் தருகிறதா, அல்ஜீப்ரா–ஜியோமெட்ரி–அல்ஜீப்ரா 2 என்று பிரித்துச் சொல்லித் தருகிறதா என்று பாருங்கள். இரண்டாம் வருடத்தில் வேறு பள்ளிக்கு மாறினால், ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வடிவியலில் ஒரு துண்டு விடுபடும்.

மொழியை ஒன்பதிலேயே தொடங்கிவிடுங்கள். பல சார்ட்டர் பள்ளிகளில் ஸ்பானிஷ் மட்டும்தான் இருக்கும். அதிலும் இரண்டாம் நிலைக்கு ஒரே ஒரு பிரிவுதான் நடக்கும். பதினொன்றாம் வகுப்பில் அது வேதியியலோடு மோதினால் வழி இல்லை.

6. டி கிரேடு விழுந்துவிட்டால்

முதலில் எந்தப் பாடம் என்று பாருங்கள். கணிதத்திலும் மொழியிலும் யூசிக்கு ஒரு சலுகை உண்டு: மேல்நிலைப் பாடத்தில் சி வாங்கினால் கீழ்நிலை பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாம் செமஸ்டரில் சி வாங்கினால் முதல் செமஸ்டரின் டி-யும் சரியாகும். ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் இந்தச் சலுகை இல்லை, திரும்பப் படித்தே ஆக வேண்டும். ஆகவே கோடை விடுமுறையை எதற்குச் செலவழிப்பது என்று குழம்பினால் ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் செலவழியுங்கள்.

திரும்பப் படித்தால் புது கிரேடைத்தான் யூசி ஜிபிஏவுக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் சி வாங்கிய பாடத்தை ஏ ஆக்குவதற்காகத் திரும்பப் படிப்பதில் யூசியிடம் பலன் இல்லை. இதற்காக ஒரு முழுக் கோடையைத் தொலைத்த பையனை எனக்குத் தெரியும்.

இணையத்தில் காசு கட்டி மீட்புப் பாடம் எடுப்பவர்கள், அந்தப் பாடத்தை நடத்தும் அமைப்பின் பெயரையும் அதே யூசி பட்டியலில் தேட வேண்டும். உங்கள் பள்ளி அந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு கிரேடுகள் யூசி ஜிபிஏவில் சேராது, பத்தும் பதினொன்றும்தான் சேரும். இதைக் கேட்டதும் பிள்ளைகள் ஒன்பதில் கால் நீட்டிப் படுத்துவிடுகிறார்கள். ஜிபிஏவில் சேராவிட்டாலும் ஏ-ஜி கணக்கில் ஒன்பதின் டி ஓட்டைதான். பெற்றோர் இந்த இரண்டாவது வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

7. கம்யூனிட்டி காலேஜ்: ஆசைப்படும் முன் இரண்டு விஷயம்

பள்ளியில் இல்லாத பாடத்துக்கு உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் நல்ல வழி. பள்ளி மாணவர்களுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. பகுதி நேர மாணவராக ஒரு செமஸ்டரில் 11 யூனிட் வரை எடுக்கலாம். யூசி ஏற்கும் 3 யூனிட் பாடம் ஒன்று, உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம்.

முதல் விஷயம், பள்ளியின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லாமல் கல்லூரி சேர்க்காது. கவுன்சிலர்கள் கோடை விடுமுறையில் போய்விடுவார்கள். ஜூன் வகுப்புக்கு ஏப்ரலிலேயே கையெழுத்து வாங்குங்கள். இரண்டாவது, அங்கே வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரம். பதினைந்து வயதில் விளையாட்டாக எடுத்த உளவியல் வகுப்பில் விழுந்த டி, அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் கூடவே வரும்.

8. நடுவில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு

ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பள்ளி முத்திரையோடு வாங்கி வாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சான்றிதழை எல்லோரும் பத்திரமாகக் கொண்டு வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு சென்னையில் ஏதோ ஒரு பீரோவில் கிடக்கும். இங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்பதில் தொடங்குவதால், அந்த அட்டை இல்லாவிட்டால் ஒரு முழு வருடத்துக் கிரெடிட் தொங்கும்.

கணிதப் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து வாருங்கள். நம் ஊரில் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒரே ‘கணக்கு’ பாடத்தில் வரும். மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம்’ என்று ஒரு சொல்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பத்தாம் வகுப்பு முடித்த பையனை அல்ஜீப்ரா 1இல் உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நிலை அறியும் தேர்வு வேண்டும் என்று முதல் வாரமே கேளுங்கள். பிறகு கேட்டால் வகுப்பு நிரம்பியிருக்கும்.

மொழி நிபந்தனையில் தமிழ் உதவும். ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ இரண்டு வருடம் தமிழ் மீடியத்தில் படித்திருந்தால் யூசியின் ஈ பிரிவு அதிலேயே நிறைவாகும். சான்றுக்கு மதிப்பெண் பட்டியல் வேண்டும். இங்கேயே வளர்ந்து வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவர்கள், அந்தக் கிரெடிட்டை உங்கள் உயர்நிலைப் பள்ளி ஏற்குமா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே விசாரியுங்கள். ஏற்பதும் மறுப்பதும் பள்ளியின் விருப்பம்.

யூசி விண்ணப்பத்தில் இந்திய மதிப்பெண்ணை நீங்களாக ஏ, பி என்று மாற்றி எழுதாதீர்கள். பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே.

9. பாடம் அல்லாத நிபந்தனைகள்

சமூக சேவை மணி, இன்டர்ன்ஷிப், தொகுப்பு வாதம், பன்னிரண்டாம் வகுப்பு புராஜெக்ட். பள்ளிக்கு ஏற்ப இவற்றில் சிலதோ எல்லாமோ டிப்ளமோவுக்கு நிபந்தனையாக இருக்கும். கிரெடிட் எண்ணிக்கையில் இவை தெரியாது என்பதால் மறந்துபோகும். சேவை மணிக்குக் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நூலகர் வேலை மாறியிருப்பார். தொகுப்புக்கான வேலைகளைப் பள்ளிக் கணக்கில் மட்டும் வைக்காமல் சொந்தமாக ஒரு நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

10. பன்னிரண்டாம் வகுப்பு

செப்டம்பரில் நான்கு தாளையும் மறுபடி விரித்து ஒரு முறை சரிபாருங்கள். யூசி விண்ணப்பம் நவம்பர் இறுதியில் முடியும். அதில் டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்து ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளையே தட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ யூசியில் 3.0, கால் ஸ்டேட்டில் 2.5. எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணை இரண்டுமே சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. மாநிலம் தரும் கால் கிராண்ட் உதவித்தொகைக்கு வழக்கமான கெடு மார்ச் 2. நிதியுதவிப் படிவம் நிரப்ப விருப்பமில்லை என்றாலும், விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளி கேட்டு வாங்கும்.

ஏப்ரலில் இடம் கிடைத்துவிட்டது என்று வகுப்பைக் கைவிடும் பிள்ளைகள் உண்டு. கடைசி செமஸ்டரில் டி விழுந்தால் கொடுத்த இடத்தை யூசி திரும்பப் பெறலாம். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் போய்ச் சேர வேண்டும். பள்ளி அலுவலகம் ஜூனிலேயே பூட்டிவிடலாம் என்பதால், பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய வாரமே அனுப்பச் சொல்லிக் கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள்.